ஐயமும் அறமும்

மனிதன் இறப்பை ஒருவாறு ஏற்றுக்கொள்கின்றான். காரணம் தெரியாத இறப்பைத்தான் அவனால் ஏற்க முடிவதில்லை. துக்கம் நேர்ந்த வீட்டிற்குள் நுழைகின்றவர் முதலில் கேட்பது, "எப்படி நேர்ந்தது?" என்பதே. மாரடைப்பு என்றோ முதுமை என்றோ ஒரு சொல் கிடைத்துவிட்டால் கேட்டவர் தலையசைத்து அமர்ந்துவிடுகின்றார். அச்சொல் இறந்தவரை மீட்டுத் தருவதில்லை. எனினும், இருப்பவரின் மனத்தில் திறந்து கிடந்த ஒரு கதவை மூடிவிடுகின்றது. அக்கதவு மூடப்படாமலே போய்விட்டால் மனிதன் என்ன செய்தல் வேண்டும்? தெரியாததைத் தெரியாதது என்றே வைத்துக்கொள்ளும் கடமை அவனுக்கு உண்டா? அன்றி, எவ்வாறேனும் ஒரு விடையை உண்டாக்கிக்கொள்ளும் உரிமை உண்டா?

இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்கத் திரைப்பட நடிகை மர்லின் மன்றோவின் மறைவைப்போன்ற எடுத்துக்காட்டுகள் மிகச் சிலவே. அவர் 1926-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். நோர்மா ஜீன் என்பது இளமைப் பெயர். தாயார் மனநோயால் மருத்துவமனை சேர்ந்தமையால், குழந்தை வளர்ப்புப் பெற்றோர் இல்லங்களிலும் அனாதை விடுதியிலும் வளர்ந்தது. பதினாறு வயதில் திருமணம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொழிற்சாலை வேலை. அங்கு ஒரு புகைப்படக்காரர் கண்ணில் பட்டமையால் வாய்த்த புதுவாழ்வு. 1946-இல் திரைப்பட நிறுவனத்தோடு ஒப்பந்தமும் புதுப்பெயரும். அதன்பின் நிகழ்ந்தவை உலகறிந்தவை. பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோவை 1954-இலும், நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லரை 1956-இலும் மணந்தார். இரு மணங்களும் நிலைக்கவில்லை. அவர் நடித்து முடித்த இறுதிப்படம் 1961-இல் வெளிவந்த 'தி மிஸ்ஃபிட்ஸ்'.

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் நாள், சனிக்கிழமை இரவு, அவர் தம் வீட்டில் படுக்கையறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டார். நள்ளிரவுக்குப்பின் ஐயுற்ற பணிப்பெண் மனநல மருத்துவரை அழைக்க, அவர் வந்து சன்னலை உடைத்து உள்ளே சென்று பார்த்தபொழுது உயிர் பிரிந்திருந்தது. விடியற்காலை 4.25 மணியளவில் காவல் துறைக்குச் செய்தி சென்றது. மறைந்தவருக்கு வயது முப்பத்தாறு. சவப் பரிசோதனையை நிகழ்த்தியவர் தாமஸ் நொகுச்சி என்னும் இளம் மருத்துவர். தூக்க மருந்துகளே மரணத்திற்குக் காரணம் என்பது பரிசோதனையில் புலனாயிற்று. ஆயினும், அவை உடலுக்குள் சென்றமைக்குக் காரணம் துயரமா, தவறா, பிறர் கையா என்பதை மருந்து சொல்லாது. ஆகவே, மாவட்ட மரண விசாரணைத் தலைமை அதிகாரி தியோடர் கர்ஃபி, உளவியல் வல்லுநர் சிலரைக்கொண்டு மறைந்தவரின் இறுதிநாள் மனநிலையை ஆராயச் செய்தார். ஆகஸ்ட் 17-ஆம் நாள் தம் முடிவை வெளியிட்டார்: 'பெரும்பாலும் தற்கொலை.'

அந்த முடிவில் உள்ள 'பெரும்பாலும்' என்னும் சொல்லே இக்கட்டுரைக்குப் பொருள். அதிகாரி ஒருவர், தாம் அறிந்த எல்லை இதுவென்று கோடு கிழித்துக் காட்டிய சொல் அது. இதற்கு அப்பால் தமக்குத் தெரியாது என்பதை அவர் அதனால் ஒப்புக்கொண்டார். ஆனால், உலகம் அச்சொல்லை அவ்வாறு ஏற்கவில்லை. சிலர் அதனை நீக்கிவிட்டுத் தற்கொலை என்றே முடித்தனர். வேறு சிலர், ஏதோ மறைக்கப்படுகின்றது என்பதற்கு அச்சொல்லையே சான்றாக்கினர். இரு சாராருக்கும் அச்சொல் இருந்த இடத்தில் இருப்பது பொறுக்கவில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்திலேயே 'தெரியாது' என்னும் விடைக்கு மதிப்பெண் கிடையாது. ஊகித்து எழுதிய தவறான விடைக்கு எப்போதாவது அரை மதிப்பெண் கிடைத்துவிடுகின்றது. அவ்வாறு வளர்ந்தவர்கள் வேறு எவ்வாறு நடப்பர்?

பழந்தமிழர் இதனை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதையில், அறிவின் குறைபாடுகள் சில வகைப்படுத்தப்படுகின்றன. அவற்றுள் 'ஐயம்' ஒன்று; 'தேராது தெளிதல்' மற்றொன்று. தொலைவில் தெரிவது கட்டையோ மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமலே அக்கட்டையை மனிதன் என்று துணிந்துவிடுவது தேராது தெளிதல். இரண்டும் குறைகளே என்று நூல் வைத்துள்ளது. எனினும், இரண்டும் ஒரே தன்மையன அல்ல. ஐயமுற்றவன் இன்னும் நின்று பார்த்துக்கொண்டிருக்கின்றான். தேராது தெளிந்தவனோ பார்ப்பதை நிறுத்திவிட்டான். இனி அவன் அம்மனிதனைப்பற்றிப் பிறரிடம் பேசத் தொடங்குவான். மர்லின் மன்றோவின் மறைவில் நிகழ்ந்தது இவ்விரண்டாவதே.

ஐயத்திற்கு இடமே இல்லை என்று கூறிவிடவும் இயலாது. இரத்தமும் கல்லீரலும் ஆராயப்பட்டன. இரைப்பையும் குடலும் முழுமையாக ஆராயப்படவில்லை. பின்னர் நொகுச்சி அவற்றைக் கேட்டபொழுது அவை அழிக்கப்பட்டுவிட்டன என்னும் விடையே கிடைத்தது. அனைத்தையும் ஆராய வேண்டுமென்று அன்றே தாம் வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவரே தம் நூலில் வருந்தி எழுதினார். உடன் இருந்தவர்கள் அவ்விரவின் நேரங்களை எப்பொழுதும் ஒரே வகையாகக் கூறவில்லை. பொறுப்பிலிருப்போர் செய்யத் தவறிய சிறு கடமை, ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும் புதராக வளர்கின்றது. வதந்தியைப் பழிப்போர் முதலில் இங்குதான் பார்த்தல் வேண்டும். மாய்ந்துபோன ஒருவருக்குச் சமுதாயம் செய்யக்கூடிய இறுதி நேர்மை, அவர் உடலை ஒழுங்காக ஆராய்ந்து குறித்துவைப்பதே. அது குறைவுற்றபின் எத்துணை நூல்கள் எழுதினாலும் ஈடாகாது.

நூல்களுக்கோ குறைவில்லை. 1964-ஆம் ஆண்டிலேயே ஃபிராங்க் கப்பெல் என்பவர், அன்றைய தலைமை அரசு வழக்குரைஞரும் அதிபர் கென்னடியின் தம்பியுமான ராபர்ட் கென்னடியை இம்மரணத்தோடு தொடர்புபடுத்தி ஒரு நூல் வெளியிட்டார். கப்பெல் கென்னடி குடும்பத்தாரின் அரசியலைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதை நினைவிற்கொண்டால், அந்நூலில் தேடப்பட்டது நடிகையின் மரணக் காரணம் தானா என்னும் வினா எழும். 1973-இல் புகழ்பெற்ற எழுத்தாளர் நார்மன் மெய்லர் ஒரு பெருநூல் வெளியிட்டுக் கொலையாகவும் இருக்கலாம் என்னும் எண்ணத்தை வாசகர் மனத்தில் ஊன்றினார். பின்னர்த் தொலைக்காட்சி நேர்காணலில் காரணம் கேட்கப்பட்டபொழுது, தமக்குப் பணம் மிகவும் தேவையாக இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் ஒளிக்காமல் கூறினார் என்பது ஒன்றே அவருக்குரிய பெருமை. அந்நேர்காணலைப் பார்க்காதவர் கையில் நூல் மட்டுமே இருக்கும் என்பதை அவர் அறியாதவர் அல்லர்.

ராபர்ட் கென்னடி 1968-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்குப்பின் அவர்மீது சுமத்தப்பட்ட எதற்கும் அவர் மறுமொழி கூற இயலாது. மனநல மருத்துவரும் 1979-இல் மறைந்தார். இறந்த ஒருவருக்கு நீதி வேண்டும் என்று கூறிக்கொண்டு, வாய்திறக்க இயலாத இறந்த வேறொருவர்மீது பழி சுமத்துவது எவ்வகை நீதி? திருவள்ளுவர் புறங்கூறாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பழித்தல் அங்குக் கடியப்படுகின்றது. சுடுகாட்டைவிடத் தொலைவான இடமில்லை. இல்லாதவர் நாளை திரும்பி வந்து கேட்கக்கூடும் என்னும் அச்சம்கூட இங்கு இல்லை.

இதற்கு ஒரு வலிமையான மறுப்பு உண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. அதிகாரமுள்ளவர்கள் செய்த கொடுமைகள் பல, எளிய மனிதர் சிலர் விடாது கேட்டமையாலன்றோ வெளிவந்தன? சான்று இல்லை என்று எல்லாரும் வாய்மூடியிருந்தால் சான்றை அழித்தவனுக்கே வெற்றி. ஆகவே ஐயம் எழுப்புவது குற்றமன்று, கடமையே என்பர். இம்மறுப்பு உண்மையானது. 1982-இல் நிகழ்ந்ததும் அதற்கு இசைந்ததே. மரண விசாரணை அலுவலகத்தில் முன்பு பணியாற்றிய ஒருவர், தாம் வற்புறுத்தலின்பேரில் சான்றிதழில் கையொப்பமிட்டதாகக் கூறியமையாலும், வேறு பல புகார்களாலும், லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகம் இவ்வழக்கை மீண்டும் எடுத்துச் சில மாதங்கள் ஆராய்ந்தது. முரண்பாடுகள் சில தீராமலே உள்ளன என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால், கொலை என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை என்றும், குற்ற விசாரணை தொடங்கக் காரணம் இல்லை என்றும் அறிவித்தது. கேட்டவர்கள் கேட்டது முறையே. கேள்விக்கு விடை வந்தபொழுது அவ்விடையை எடைபோட்டுப் பார்த்தார்களா என்பதில்தான் வேறுபாடு தெரிகின்றது. உண்மையை நாடிக் கேட்பவன் தனக்குப் பிடிக்காத விடையையும் கையில் வாங்கிப் பார்ப்பான். விடையை முன்னரே வைத்துக்கொண்டு கேட்பவனுக்கு, வேறு எந்த விடை வந்தாலும் அது புதியதொரு சூழ்ச்சியாகவே தோன்றும்.

இறந்தவரைப்பற்றிய பேச்சு இருப்பவரைத் தீண்டாது என்று எண்ணுவோரும் உளர். 1974-இல் டேவிட் ஃபிலிப்ஸ் என்னும் சமூகவியல் ஆய்வாளர், செய்தித்தாள்கள் பெரிதுபடுத்திய தற்கொலைச் செய்திகளுக்குப்பின் நாட்டில் அத்தகைய இறப்புகள் கூடுகின்றனவா என்று கணக்கிட்டார். மர்லின் மன்றோவின் மறைவுக்குப்பின் அமெரிக்காவில் தற்கொலைகள் சுமார் 12 விழுக்காடு மிகுந்திருந்தன என்று அவர் கண்டார். கர்ஃபி எச்சரிக்கையோடு வைத்த 'பெரும்பாலும்' எத்தனை தலைப்புச் செய்திகளில் இடம்பெற்றிருக்கும்? தாங்கொணாத் துயரில் இருந்த எவரோ ஒருவர், அவ்வளவு புகழ்பெற்றவருக்கே இதுதான் வழி என்று எண்ணியிருக்கக்கூடும். அவருக்கு உறுதியாகக் கூறப்பட்ட அச்செய்தி, உண்மையில் எவருக்குமே உறுதியாகத் தெரியாத ஒன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறுவது பிழை மட்டுமன்று. சிற்சில வேளைகளில் உயிரோடு விளையாடுவதும் ஆகும்.

இவ்வளவு பேரும் பேசிக்கொண்டிருந்தபொழுது பேசாதிருந்த ஒருவரும் உண்டு. மணமுறிவு ஏற்பட்டு ஆண்டுகள் பல கழிந்தபின்னரும், இறுதிச் சடங்கை முன்னின்று நடத்தியவர் ஜோ டிமாஜியோ. ஆகஸ்ட் 8-ஆம் நாள் வெஸ்ட்வுட் கல்லறையில் நடந்த அச்சடங்கிற்கு மிகச் சிலரையே அவர் அழைத்தார். திரையுலகப் பெரும்புள்ளிகளை வரவிடவில்லை. அவர் நினைத்திருந்தால் பதிப்பகங்கள் எவ்வளவு பணமும் கொடுத்திருக்கும். அவரோ மன்றோவைப்பற்றி ஒரு நூலும் எழுதவில்லை. அவர் மனத்தில் ஐயங்கள் இல்லாதிருக்கும் என்று எண்ண இடமில்லை. பிறர் அறியாத பலவற்றை அவர் அறிந்திருக்கவும் கூடும். ஆனால், வாரம் மும்முறை அக்கல்லறைக்குச் சிவப்பு ரோசாக்கள் சென்று சேருமாறு மட்டும் ஏற்பாடு செய்தார். அம்மலர்கள் இருபது ஆண்டுகள், 1982 வரை சென்றன. வழக்கை மீண்டும் ஆராய்ந்த அரசு வழக்குரைஞரின் அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அவ்வறிக்கைக்குப் பின்னரும் நூல்கள் வந்துகொண்டேயிருந்தன. டிமாஜியோ 1999-இல் காலமானார். அதுவரையிலும் அவர் எதுவும் எழுதவில்லை.