தொடுகையும் அறமும்

கியூபாவின் சோன் இசையில் வேர்கொண்டு நியூயார்க்கில் உருப்பெற்ற சால்சா, ஒருவர் வழிநடத்த மற்றவர் அதனை உணர்ந்து தொடரும் இணையாட்டம் ஆதலால், சென்னையின் பயிற்சி வகுப்புகளிலும் ஆடல் மாலைகளிலும் அறிமுகமற்றோர் கைகோத்து ஆடுவது அறத்திற்கு இசையுமா என்ற வினா எழுகிறது. இன்று ராயப்பேட்டையில் அமைந்துள்ள மியூசிக் அகாடமி, 1931இல் தேவதாசி மரபில் வந்த கல்யாணியின் புதல்வியரை, பின்னர் பரதநாட்டியம் எனப்பட்ட சதிரை ஆட மேடையேற்றிய காலத்திலும், ஆடல் ஒழுக்கத்திற்கு ஊறு செய்யுமா என்பதே பெரும் விவாதமாக இருந்தது. ஆயினும், மகளிர் கைகோத்து வட்டமாக ஆடும் குரவைக் கூத்தைச் சிலப்பதிகாரம் ஆய்ச்சியரின் வழிபாடாகவே காட்டுகிறது. திருமூலரோ உடம்பையே கோயிலாகக் கண்டார். எட்டு எண்ணிக்கையில் நான்கிலும் எட்டிலும் அடி நிற்கும் சால்சாவில், இணையின் இசைவுக்குக் காத்திருக்கும் அடக்கமே ஆட்டத்தின் உயிராகிறது. ஆகவே தொடுகை தன்னளவில் பழியன்று. இசைவற்ற தொடுகையே பழி.