அந்த மூன்று பெண்கள்



மோசே தயங்கினார், யோனா ஓடினார். தேவன் தெரிந்துகொண்டவர் தப்பவே முடியாது என்று பிரசங்கிக்கிறோம். ஏற்காடு ஜெபக்கூட்டத்தில் நானும் அப்படித்தான் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவைப் பற்றிச் சொல்லிவந்தேன்.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த மிஷனரி மகள். மிஷனரியாக மாட்டேன், அமெரிக்காவில் சௌகரியமாய் வாழ்வேன் என்றிருந்தவர். தாயாருக்குச் சுகமில்லையென்று திண்டிவனம் வந்தார். ஒரே ராத்திரியில் மூன்றுபேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. "அப்பா டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாமென்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து 1900-ல் திரும்பினார். வேலூர் ஆஸ்பத்திரி உங்களுக்கே தெரியும்.

போன மாதம் எஸ்டேட் லயனிலிருந்து வரும் ஒரு தாயார் கேட்டார்: "ஏன் தம்பி, அந்தம்மாவை அழைக்கத்தான் ஆண்டவர் மூணு பொம்பளைங்களையும் சாகவிட்டாரா?"

எனக்கு வாயடைத்துப்போனது. அவருடைய தங்கை பிரசவ வலியோடு சேலத்துக்கு இறங்கும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே போனவள்.

ஒருத்தியை அழைக்க மூன்று பேரைப் படிக்கட்டாக்கும் தேவனை நான் விசுவாசிக்கவில்லை. பெண் டாக்டர் இல்லாததாலும், ஆணை உள்ளே விடாத வழக்கத்தாலும்தான் அவர்கள் செத்தார்கள். ஐடா அம்மாவுக்கும் அது புரிந்திருக்கவேண்டும். தன்னை மட்டுமே தேவன் தெரிந்துகொண்டார் என்று நினைத்திருந்தால், 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியிருப்பாரா?

இதைச் சொன்னேன். "சரிதான். ஆனா அந்த ராத்திரி அவங்களும் சாமிகிட்ட வேண்டியிருப்பாங்களே" என்றார் தாயார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கையின் பெயரைக் கேட்டுக்கொண்டேன்.