நொறுங்கிய ஊர்தியை வாங்கலாமா?

விபத்தில் முகம் சிதைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அதன் புது விலையில் நான்கில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். இயந்திரக் கலையில் ஈடுபாடுடைய இளைஞன் ஒருவன் அதனை வாங்கித் தன் கையாலேயே செப்பனிட விழைகிறான். வாங்கலாமா, கூடாதா? மேலோட்டமாகப் பார்த்தால் இது பணப்பைக்கும் ஸ்பேனருக்கும் உரிய கேள்வி. ஆனால் உடைந்த பொருளைச் சீர்செய்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்னும் அறவினா ஒன்று இதனுள் மறைந்து கிடக்கிறது. அதனையே ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

முதற்கண் அவ்விளைஞனின் விழைவுக்கு உரிய மதிப்பைத் தந்துவிட வேண்டும். காயலான் கடைக்குப் போக வேண்டியதை வீட்டு வாசலில் கொணர்ந்து நிறுத்துகிறானே என்று பெரியவர்கள் முணுமுணுப்பர். ஆயினும் பழுதுபார்த்தல் நம்மவர்க்குப் புதிதன்று. ஒரு தகரப் பெட்டியோடு தில்லிக்கும் மும்பைக்கும் வந்திறங்கிய தலைமுறையினர் தையல் இயந்திரத்தையும் மேசை விசிறியையும் வானொலிப் பெட்டியையும் திருத்தித் திருத்தியே குடும்பம் நடத்தினர். மாயாபுரியிலும் குர்லாவிலும் பழைய இரும்புக் குவியலிடையே தேவையான பல்சக்கரத்தைத் தேடி எடுத்தவர்களின் மகிழ்ச்சியைக் கடையில் புதிது வாங்கியவர் அறியார். ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்துப் பூட்டியவனே அதனை உண்மையில் உடைமையாகக் கொண்டவன் என்பது என் துணிபு. ஆதலின் அவ்விளைஞனின் ஆசையை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு வழக்கைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். நம் நாட்டுக் காப்பீட்டு நடைமுறையில், மீட்கவும் பழுது பார்க்கவும் ஆகும் செலவு ஊர்தியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படுகிறது. கணக்கறிந்த ஒரு நிறுவனம் 'இதனைத் திருத்துவது கட்டுப்படியாகாது' என்று கைவிட்ட பொருளைத்தான் அவன் விலை பேசுகிறான். அயல்நாட்டு உதிரி உறுப்புகளின் விலையும் அவற்றின்மீது விழும் சுங்கவரியும் அதன்பின் வரும். தன் உழைப்புக்கு அவன் கூலி போட்டுக்கொள்வதில்லை என்பதாலேயே அக்கணக்கு நிமிர்ந்து நிற்கிறது. அழிவதையும் ஆவதையும் தூக்கிப் பார்த்தே செயலில் இறங்கவேண்டும் என்பதற்காக வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும் இழக்கப்போவது தன் பணம் மட்டுமே என்றால், அறநூல் பேசும் நமக்கு அங்கு வேலையில்லை.

வேலை தொடங்கும் இடம் வேறு. 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பலர் நினைவில் வைத்திருப்பர். அதற்கு அடியில் தனியான இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. உடற்பகுதி அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டது. மோதி நெளிந்த தகட்டைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். சட்டம் நேராக இருக்கிறதா என்பதைக் கயிறு பிடித்தே பார்க்கலாம். பிற்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை. உடலே சட்டம், சட்டமே உடல். முன்புறமும் பின்புறமும் மோதலின் விசையைத் தாமே மடிந்து விழுங்கி, நடுவில் அமர்ந்திருப்போரைக் காக்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. அவ்வாறு மடிவது ஒரே ஒரு முறைக்குத்தான். மடிந்ததைச் சுத்தியலால் நிமிர்த்தலாம். நிமிர்ந்த தகட்டுக்குப் பழைய தாங்குதிறன் திரும்புவதில்லை. அதிலும் மிகுவலிமை எஃகினைக் கேஸ் வெல்டிங் தீயில் காட்டினால், எந்தப் பதத்தால் அது வலிமை பெற்றதோ அந்தப் பதமே கெட்டுவிடும். அலுமினிய உடலாயின் ரிவெட்டும் பசையும் கொண்டு இணைக்கும் தனிமுறை வேண்டும். கரிய நாரிழையால் ஆன உடலாயின் மேற்பரப்பில் ஒரு கீறலும் தெரியாமலே உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக் கூடும். ஏர்பேக் ஒருமுறை விரிந்தால் அதனையும், சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொறியையும் புதிதாகவே மாற்ற வேண்டும். இவை யாவற்றின்மேலும் பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால், கண்ணுக்கு எல்லாம் ஒன்றே.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதுதான் இடர். கிழிந்த சட்டையின் தையல் தெரியும். ஒட்டுப்போட்ட குடத்தின் ஒட்டும் தெரியும். காரின் தையலோ திறமை மிகமிக மறைகிறது. கைத்திறன் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குப் பொய்யும் எளிதாகிறது. வேறெந்தத் தொழிலிலும் இப்படி ஒரு முரண் இவ்வளவு கூர்மையாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தானே பற்றவைத்த வண்டியைத் தானே ஓட்டுபவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான், அறிந்தே வைக்கிறான். அருகில் அமரும் தங்கை அறிந்து அமர்வதில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பற்றுமுனை விட்டுப்போனால் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரை யாரும் முன்கூட்டி ஒப்புதல் கேட்கப்போவதில்லை. நான்கு ஆண்டு கழித்து அதனை விலைக்கு வாங்கும் முகமறியா மனிதரோ பளபளப்பை மட்டுமே காண்பார். செப்பனிடுபவன் கடமைப்பட்டிருப்பது இவர்களுக்கே. இவர்களுள் எவரும் அவன் பட்டறையில் நின்று வேலையைப் பார்க்கப்போவதில்லை.

இங்கே ஒரு பழைய ஐயம் தலைகாட்டும். பாதிக்குமேல் மாற்றப்பட்டபின் அது பழைய காரே ஆகுமா? தத்துவ ஆசிரியர்கள் பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பலை வைத்து இதனை வாதிட்டனர். ஆனால் காரை வைத்தே இவ்வழக்கு ஒரு நீதிமன்றத்திற்கு வந்ததுண்டு. 'ஓல்டு நம்பர் ஒன்' என அழைக்கப்பட்ட பென்ட்லி பந்தயக் கார் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதில் வேறு எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் கரையைத் தாண்டி விழுந்து நொறுங்கியது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். அந்தச் சிதைவிலிருந்து மீண்டும் அது மூடிய காராக உருவாக்கப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்து ஒரு கோடி பவுண்டுக்கு அதனை விற்க ஒப்பந்தம் ஆயிற்று. வாங்க ஒப்புக்கொண்டவர்களோ, வென்ற காரின் உறுப்புகள் இதில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை எனக் கூறிப் பின்வாங்கினர். 1990இல் இலண்டன் உயர்நீதிமன்ற நீதிபதி ஆட்டன், இது 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பெயருக்கு உரியதே என்று தீர்ப்பளித்தார். உறுப்புகள் மாறினாலும் அதன் வரலாறு இடையறவில்லை. அப்பெயருக்கு உரிமைகோர வேறொரு காரும் இல்லை என்பது அவர் கண்ட முடிவு.

நம் மரபின் நோக்கு சற்று வேறு. பின்னமான திருமேனியைக் கருவறையில் வைத்து வழிபடுவதை ஆகமங்கள் ஒப்புவதில்லை. கோபுரத்தையும் மண்டபத்தையுமோ திருப்பணி செய்து, குடமுழுக்காட்டி, அதே கோயில் என்றே நூற்றாண்டுகளாகக் கொண்டாடுகிறோம். எது திருத்தத்தக்கது, எது தகாதது என்று பொருளுக்குப் பொருள் பிரித்தறிந்த கண் அது. திருப்பணிக்கு நாள் குறிக்கிறோம், ஊரைக் கூட்டுகிறோம், கல்லிலும் பொறிக்கிறோம். ஒளித்துச் செய்த திருப்பணி ஒன்றேனும் உண்டா?

காருக்கும் அத்தகைய கல்வெட்டு வேண்டும். பிரிட்டனில் 2017 முதல், கட்டமைப்புச் சேதமுற்றது, சேதமுறாதது என்று எழுத்துக் குறியிட்டுப் பதிவில் வகைப்படுத்துகின்றனர். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, அழிந்துபோன அல்லது நிலையாகப் பயன்படாதுபோன வண்டியின் பதிவை நீக்க உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு தெரிவிக்காது ஆர்.சி.யோடு கைமாறும் சிதைவுகள் திருடர்களுக்கு வரப்பிரசாதம். திருடிய வண்டியில் சிதைந்த வண்டியின் சேஸிஸ் எண்ணைப் பொறித்துவிட்டால் கள்ளப்பொருள் நல்ல பொருளாகிவிடுகிறது. 2021 டிசம்பரில் காவல்துறையால் மூடப்பட்ட மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை இத்தகைய வாணிகத்துக்கு வடநாட்டில் பெயர்பெற்றிருந்தது. மலிவு விலையில் சிதைவை வாங்கும் இளைஞன் கேட்க வேண்டிய முதற்கேள்வி எஞ்சினைப் பற்றியதன்று. இந்தத் தாள் எந்த வண்டியினுடையது என்பதே.

உண்மையைச் சொன்னால் விலை போகாதே என்பர். நடிகர் ரோவன் அட்கின்சனின் மெக்லாரன் எஃப்1 கார் 2011இல் மோதி நொறுங்கியதை உலகமே அறிந்தது. காப்பீட்டு நிறுவனம் 9 லட்சம் பவுண்டுக்குமேல் செலவிட்டுத் திருத்தியது. 2015இல் அதே கார் 80 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அரிய கார் என்பதால் வந்த விலை அது, ஒப்புக்கொள்கிறேன். எல்லாருக்கும் அது வாய்க்காது. உண்மை சொல்லி விற்பவன் சில லட்சம் குறைவாகவே பெறுவான். அந்தக் குறைவையும் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிக்கொள்ள மனமுண்டாயின், அவன் தாராளமாக வாங்கட்டும்.

அந்த இருக்கையில் ஒருவர் இறந்திருந்தால்? மலிவு விலை அவர் குடும்பத்தின் துயரிலிருந்து பிறந்ததன்றோ எனச் சிலர் தயங்குவர். வாங்காமல் விடுவதால் அத்துயர் குறையாது என்பதே என் கருத்து. ஆனால் அதனைக் கேட்டறியாமல் வாங்குவதும், அறிந்தபின் அடுத்தவரிடம் மறைப்பதும் தகாது.

அவன் முதலில் செய்ய வேண்டியது, வண்டியை அளவுமேடையில் பூட்டித் தொழிற்சாலை அளவுகளோடு மூலைக்கு மூலை ஒப்புநோக்குவது. பின் ஒவ்வொரு வெட்டையும் பற்றவைப்பையும் படம் பிடித்துத் தேதியிட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும். வண்டி கைமாறும்போது அக்கோப்பும் கைமாற வேண்டும். அளவு சரிவரவில்லையாயின் பட்டி டப்பாவைத் திறக்காமலே நிறுத்திக்கொண்டு, பதிவு பெற்ற சிதைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்துப் பதிவை நீக்கிவிடலாம். நல்ல நிலையிலுள்ள கதவும் விளக்கும் கியர் பெட்டியும் அங்கிருந்து வேறு வண்டிகளுக்குப் போய்ச்சேரும்.