பாடம் போட்ட இலை

மாசி மாதக் காலை. பின்வளவுக் கொட்டிலின் கதவைத் திறந்தால் புகையிலை மணம் இன்னும் இருக்கிறது. அப்பு காலமாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. சுருட்டுச் சுற்றிய கொட்டிலில் இப்போது விறகும் பழைய இறைப்புக் குழாய்களும்தான்.

நான் புகைப்பதில்லை. புகையிலை உடலுக்குச் செய்யும் கேட்டை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அப்புவின் தம்பி வாய்ப் புற்றுநோயில் போனவர். ஆனாலும் ஒரு சுருட்டைக் கையில் தந்தால் அது நல்லதா கெட்டதா என்று பற்றவைக்காமலே பாதி சொல்லிவிடுவேன். அப்பு பழக்கிவிட்டது.

*

முதலில் கை. பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் நுனியிலிருந்து அடிவரை மெல்ல அமத்திக்கொண்டு போக வேண்டும். ஓரிடத்தில் பொசுக்கென்று உள்ளே போனால் அங்கே உள்ளிலை காணாது. நெருப்பு அந்த இடத்துக்கு வந்ததும் ஓடும், புகை சுடும். முடிச்சு மாதிரி இறுகியிருந்தால் உள்ளிலை முறுகிக் கிடக்கிறது. கன்னம் ஒட்ட இழுத்தாலும் புகை வராது. பிறகு அப்பு அதைக் காதருகே வைத்து உருட்டுவார். சருகாகச் சரசரத்தால் காய்ந்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவார். காம்பு முழுதாகக் கிழித்து எடுக்கப்பட்டிருக்கிறதா, மேலிலையில் தடித்த நரம்பு ஓடுகிறதா என்று கண் கடைசியாகத்தான் பார்க்கும்.

*

மண்ணெண்ணெய் விளக்கில் பற்றவைக்க விடமாட்டார். அந்த வாடை முதல் இழுவையிலேயே ஏறிவிடும். சிரட்டைத் தணல்தான். தணலில் முட்டாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, விளிம்பு சுற்றிவரச் சிவந்த பிறகே வாயில் வைப்பார்.

நெருப்பு வட்டமாக இறங்க வேண்டும். ஒரு பக்கம் முந்தி ஓடினால், "சாய்ஞ்சு எரியுது பிள்ளை, ஒரு பக்கத்து இலையிலை ஈரம் நிக்குது" என்பார். பின்தங்கிய பக்கத்தைக் கீழே திருப்பிப் பிடித்து, இழுக்காமல் பொறுத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் வட்டம் நேராகிவிடும்.

அடிக்கடி அணைந்தால் அவர் சுருட்டைக் குறை சொல்லமாட்டார், கிணற்றைச் சொல்வார். "உது உவர்க் கிணத்துப் போயிலை." பின்னாளில் படித்தபோதுதான் விளங்கியது. இலையில் பொட்டாசியம் இருந்தால் நன்றாக எரியும், குளோரைட்டு ஏறினால் எரிவு கெடும். உப்புத் தண்ணீர் இறைத்த தோட்டத்து இலை அணைவது அதனால்தான். யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். அதற்குள் நிற்கும் நன்னீரை இறைத்துத்தான் எங்கள் தோட்டங்கள் விளைந்தன; அந்த நீர் உவர்த்தால் இலையும் ஒழுங்காக எரியாது. இவ்வளவையும் ஒரு கிழவர் அணைந்த சாம்பலைப் பார்த்துச் சொன்னார்.

சாம்பலைப் படிப்பது கதைகளிலும் உண்டு. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லொக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கருமையான, செதில் செதிலான சாம்பலை வைத்தே அந்தத் துப்பறிவாளர் சொல்லிவிடுவார். ஆங்கிலத்தின் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய சுருட்டுத்தான்.

*

இன்று பின்னேரம் எங்கள் ஊர்க் கும்பிழாவளைப் பிள்ளையார் கோயில் பக்கம் நடந்தேன். உள்ளே நாதஸ்வரம். என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் கேட்ட ஊர் இது.

இங்கே 'பாடம்' என்ற சொல்லுக்கு இரண்டு வீடுகள். வித்துவான் வீட்டில் பிள்ளைக்குப் பாடம் நடக்கும். கமக்காரன் வீட்டில் புகையிலைக்குப் பாடம் போடுவார்கள். வெட்டிய இலையை வாட்டி, குடிலுக்குள் தூக்கிக் கட்டி, தென்னம் பொச்சை மூட்டிப் புகை ஊட்டி, பிறகு அடுக்கி அமத்தி வைப்பார்கள். அடுக்கு உள்ளுக்குள் தானாகவே சூடேறும். அப்பு கையை முழங்கைவரை அதற்குள் விட்டுப் பார்ப்பார். சூடு கூடினால் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார். அந்தச் சூட்டில்தான் பச்சை வாடை போகும், அமோனியா வெளியேறும், காட்டம் தணியும்.

நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்து ஈரம் பார்ப்பதைக் கண்டபோது எனக்கு அந்த முழங்கைதான் நினைவுக்கு வந்தது. இரண்டிலும் பதம் தப்பினால் மூச்சு வீண்.

*

சுவையைப் பற்றி அப்பு அதிகம் பேசியதில்லை. முதல் பங்கில் பொச்சுப் புகையின் மணம் வர வேண்டும். நடுப்பங்கில், இலைக்கு ஊட்டும் கோடாச் சாற்றின் இனிப்பு நாக்கின் ஓரத்தில் தங்க வேண்டும். கடைசிப் பங்கு காரம். அதை அணைத்துக் குறையைக் காதில் செருகிக்கொள்வார். கமறினால் மட்டும் ஒரு சொல்: "அவசரப்பட்டிட்டாங்கள்." பாடம் முடியுமுன்னே சுற்றிவிட்டார்கள் என்பது அதன் பொருள். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய கண்டனம் ஒன்றை நான் கேட்டதில்லை.

*

கொட்டிலில் சுற்றுபவர்கள் பாயில் வரிசையாக இருப்பார்கள். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிப்பார். கியூபாவிலும் 1865 முதல் சுருட்டு ஆலைகளில் வாசிப்பாளர் இருந்தார். 'மொன்டெகிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயர் அங்கே வாசிக்கப்பட்ட டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்பார்கள். எங்கள் சுருட்டுக்கு நாவல் பெயர் கிடைக்கவில்லை. தெற்கே சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக் கடைகளுக்குக் கட்டுக் கட்டாகப் போனது. 1958, 1977, 1983 என்று தமிழருக்கு எதிரான வன்செயல்கள் வரவரக் கடைகள் குறைந்தன, கொட்டில்களும் குறைந்தன.

அந்தப் புகை திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் சாய்ந்து எரிதல், பாடம், கோடா, குறை என்ற சொற்கள் கையோடு போய்விடக் கூடாது. உங்கள் வீட்டில் சுருட்டுச் சுற்றிய முதியவர் யாரும் இருந்தால், இந்தக் கிழமையே பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி வையுங்கள்.