ஏடு தொடக்கலும் பெற்றோர் கடமையும்

விஜயதசமி நன்னாளிலே சைவ ஆலயங்கள் தோறும் ஏடு தொடக்கல் நடைபெறுவது வழக்கம். தைப்பூசத்தன்றும் பல ஆலயங்களில் இது நிகழ்கின்றது. குருக்களோ, ஊரிலுள்ள மூத்த ஆசிரியர் ஒருவரோ பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து, தாம்பாளத்திற் பரப்பிய அரிசியிலே ‘அ’ என எழுதுவிக்கின்றார். பிள்ளை அழுதாலும் சிரித்தாலும் எழுத்து அழகாகவே அமைகின்றது. அதை எழுதியது உண்மையில் குருவின் கையல்லவா?

அதே பிள்ளை வீட்டிலே தனியே எழுதும்போது ‘அ’ கோணலாகின்றது. சுழி இடம் மாறுகின்றது. இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. பிறர் கை எழுதிய அழகிய எழுத்து மேலானதா? பிள்ளை தானாக எழுதிய கோணல் எழுத்து மேலானதா?

பெற்றோர் பலர் முதலாவதையே விரும்புகின்றனர். அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துவிட்டு மனம் பதைக்கின்றனர். பிள்ளை எழுதியதை அழிறப்பரால் அழித்துவிட்டுத் தாமே எழுதிக் கொடுக்கின்றனர். மறுநாள் முன்பள்ளியில் நட்சத்திரம் கிடைக்கின்றது. ஆனால் அப்பிள்ளை அன்று இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கின்றது. தன் முயற்சிக்கு மதிப்பில்லை என்பது ஒன்று. பிறர் செய்ததைத் தன்னுடையது என்று காட்டிப் புகழ் பெறலாம் என்பது மற்றொன்று. வாய்மையே அறம் என்று போதிக்கும் வீட்டிலே, முதற் கொப்பியிலேயே பொய் புகுந்துவிடலாமா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். பிழையான பழக்கத்தை ஆரம்பத்திலேயே திருத்த வேண்டும். ஆயினும் வளைப்பது வேறு, முறிப்பது வேறு. ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுமையாக உருவாகவில்லை. விரல்கள் விரைவிற் களைத்துவிடும். அக்கையை மணிக்கணக்கில் எழுத வைப்பதும், அடித்து எழுத வைப்பதும் கல்வியின் மீது வெறுப்பையே வளர்க்கும்.

முன்னோர் இதை அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். மணலிலே பிழை ஒரு குற்றமன்று; உள்ளங்கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களும் பாலபாடங்களை எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் படிமுறையிலேயே அமைத்தார். தமிழ் எழுத்துக்கள் 247. அவற்றுள் ட, ப போன்றவை நேர்கோடுகளால் அமைந்தவை. பிள்ளைக்கு எளிதில் வசப்படுபவை. இ, ஐ, ஞ போன்ற வளைவு மிகுந்தவை பின்னர் வரட்டும். அதற்கு முன்னரே மாப் பிசைதல், பூக் கொய்தல், முற்றத்து மணலிலே கோடும் வட்டமும் கீறுதல் ஆகியவை விரல்களுக்குப் பலம் தரும்.

இடக்கையால் எழுத முனையும் பிள்ளைகளும் உளர். உலகில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடையவர். பிரசாதத்தை வலக்கையால் வாங்கப் பழக்குவது மரபு, அது மரியாதை. ஆனால் பென்சில் பிடிக்கும் கையை அதட்டி மாற்றுவது பிள்ளையின் இயல்போடு போராடுவதாகும். எந்தக் கையால் எழுதினாலும் அது சரஸ்வதி தேவிக்கு உகந்த எழுத்தேயாம்.

அப்படியாயின் பெற்றோர் செய்ய வேண்டியது யாது? எழுத்து எங்கே தொடங்கி எப்படிச் செல்கின்றது என்பதைப் பக்கத்தில் இருந்து எழுதிக் காட்டுதல்; பின் பிள்ளையை எழுதவிட்டுப் பொறுமையோடு பார்த்திருத்தல்; பத்து எழுத்துக்களில் ஒன்று நன்றாக வந்திருந்தால் அதைச் சுட்டிப் பாராட்டுதல்; களைப்பு வருமுன் நிறுத்துதல். எழுதித் தருவதிலும் பார்க்க இதற்குக் கூடிய நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுப்பதே பெற்றோரின் தவம்.

ஏடு தொடக்கும் குரு பிள்ளையின் விரலைச் சிறிது நேரமே பிடிக்கின்றார்; பின் விட்டுவிடுகின்றார். கையை விடுவது கைவிடுவதாகாது. பிடிக்க வேண்டிய வேளையிற் பிடித்து, விட வேண்டிய வேளையில் விட்டு, அருகே இருப்பதுதான் துணை. அத்தகைய துணையோடு பிள்ளை தானே எழுதும் கோணல் ‘அ’ கலைமகளின் திருவடியில் வைக்கத் தகுந்த மலராகும்.