உறக்கம் யாருடைய ஹக்கு?

இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னும் ஒரு சகோதரர் மட்டும் கடைசி ஸஃப்பில் தலை கவிழ்ந்து அமர்ந்திருந்தார். நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்தான், லாரி டிரைவர். மாதத்தில் நான்கு நாள் ஊரில் இருந்தால் அதிகம். விளக்குகளை அணைக்க வந்த மோதினாரை அனுப்பிவிட்டு அவரருகில் போய் அமர்ந்தோம்.

"ஹஜ்ரத், ரெண்டு மாசம் விடாம நோன்பு வைக்கணுமாமே. எனக்கு அது கடமையா?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொன்னார். நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றிச் சென்னை மண்டிக்கு வரும் லோடு. வியாழன் விடிவதற்குள் இறக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. மாற்று டிரைவர் இல்லை, கிளீனரும் இல்லை. இரண்டாம் இரவின் கடைசி நேரம், ஸுப்ஹுக்குச் சற்று முன்பு, சைக்கிளில் பால் கேனோடு போன பெரியவர் ஒருவர் மீது லாரி ஏறிவிட்டது. "கண்ணு மூடினது எனக்கே தெரியாது ஹஜ்ரத். சத்தம் கேட்டுத்தான் திறந்தேன்" என்றார். நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சரணடைந்திருக்கிறார். வழக்கு நடக்கிறது, ஜாமீனில் வந்திருக்கிறார்.

மஸ்அலாவைச் சொல்வது நமக்குக் கடினமாக இருக்கவில்லை. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவரின் சட்டத்தை அல்லாஹ் தஆலா சூரத்துன் நிஸாவின் 92ஆம் ஆயத்தில் விவரித்திருக்கிறான். இறந்தவரின் வாரிசுகளுக்கு தியத் என்னும் நஷ்டஈடு. அத்துடன் ஓர் அடிமையை விடுதலை செய்தல். அதற்கு வழியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்றல். இடையில் ஒரு நாள் விட்டால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏழைகளுக்கு உணவளித்துத் தீர்த்துக்கொள்ளும் மாற்று இந்த ஆயத்தில் சொல்லப்படவில்லை. "அவர் நம்ம ஆள் இல்லையே ஹஜ்ரத், அப்பவுமா?" என்று கேட்டார். உடன்படிக்கையோடு கூடி வாழும் மக்களில் ஒருவர் இறந்தாலும் இதே தியத்தும் இதே கஃப்பாராவும் என்று அதே ஆயத் சொல்கிறது என்றோம். அவர் தலையசைத்தார். அவரும் அப்படித்தான் எதிர்பார்த்திருந்தார் போலும்.

எழுந்து செருப்பை மாட்டும்போது இன்னொன்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நோன்பைப் பற்றிக் கேட்ட அதே தொனிதான்.

"முதலாளிக்கு இதுல ஒண்ணும் இல்லையா?"

கிதாபு பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். கிதாபு பார்க்க வேண்டிய அவசியம் உண்மையில் இருந்ததா, அந்த முதலாளியின் முகம் மனக்கண்ணில் வந்ததால் அப்படிச் சொன்னோமா என்பதை அல்லாஹ்வே அறிவான். அவர் நம் பள்ளிவாசலின் முதல் ஸஃப்பில் நிற்பவர். மூன்று லாரி வைத்திருக்கிறார். மேல்தளத்துக்கு ராஜஸ்தானின் கிஷன்கரிலிருந்து மார்பிள் வந்தபோது ஏற்றுகூலி வாங்காமல் தம் லாரியிலேயே கொண்டுவந்து இறக்கினார். அதற்காக ஜும்ஆவில் நாம் துஆவும் செய்தோம். 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தை ஓட்டிவந்தவர் இதே டிரைவர்தான். ரமளானுக்குள் தரை போட்டு முடிய வேண்டுமே என்ற அவசரத்தில் "எங்கே வருகிறது?" என்று இரண்டு முறை போன் செய்து விரட்டியவர்களில் நாமும் ஒருவர். அவர் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று நாம் கேட்கவில்லை.

பிறகு கிதாபுகளைப் புரட்டினோம். ஃபிக்ஹில் ஒரு காரியத்தைத் தன் கையால் செய்தவருக்கு முபாஷிர் என்றும், அதற்குக் காரணமாக நின்றவருக்கு முதஸப்பிப் என்றும் பெயர். இருவரும் ஓரிடத்தில் சேர்ந்தால் தீர்ப்பு, செய்தவர் மீதே சார்த்தப்படும். உதுமானியர் காலத்து மஜல்லாச் சட்டத்தின் 90ஆவது விதி இதையே கூறுகிறது. உன்னை வெட்டுவேன் என்று வாளை உயர்த்தியவனுக்குப் பயந்து செய்வது வேறு. வேலை போய்விடும் என்று பயந்து செய்வதை நம் இமாம்கள் அந்த நிர்ப்பந்தத்தோடு சேர்ப்பதில்லை. ஆகவே காஜியின் முன் நிற்பவர் டிரைவர்தான். காரணமாக மட்டும் நின்றவருக்குக் கஃப்பாரா இல்லை என்பது ஹனஃபி மத்ஹபின் முடிவு. ஷாஃபிஈ மத்ஹபிலோ, வரம்பு மீறிப் பள்ளம் தோண்டி அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவர் மீதும் கஃப்பாரா உண்டு.

முதலாளி தப்பித்தார் என்று இந்த இடத்தில் கிதாபை மூடிவிடலாம். பலர் மூடிவிடுகிறார்கள். ஆனால் காஜியின் தீர்ப்பு வேறு, அடியானுக்கும் ரப்புக்கும் இடையிலுள்ள கணக்கு வேறு என்று கற்றுத் தந்தவர்களும் இதே ஃபுகஹாக்கள்தாம். அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுமானால் அந்த லாரி ஓடிய கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பாரத்தோடு, சுங்கச்சாவடியும் ஏற்றமும் நெரிசலும் சேர்த்து, மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் ஓடினாலே நல்ல ஓட்டம். அப்படியானால் முப்பது மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க வேண்டும். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியிருந்தது. நெடுந்தூரத் தடங்களுக்கு விலக்கு அளித்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் இருந்தது. அதன்படி ஒரே டிரைவர் இந்தத் தூரத்தை ஓட்ட மூன்று முழு நாட்கள் ஆகும். இரண்டு இரவில் வந்து சேர் என்பவர் ஓர் இரவின் உறக்கத்தை அவரிடமிருந்து கேட்கிறார் என்றுதானே பொருள்? தேசிய பர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2018இல் அதையும் எடுத்துவிட்டார்கள். எடுக்கப்படும் முன்னரும் இரண்டாமவர் பல லாரிகளில் காகிதத்தில் மட்டுமே பயணம் செய்தார் என்பது சாலையோரத்தில் வசிப்பவர்களுக்குத் தெரியும்.

உறக்கம் மனிதனின் கட்டுப்பாட்டில் உள்ளதா? இதற்கு நம்மிடம் ஒரு பெரிய சான்று இருக்கிறது. கைபரிலிருந்து திரும்பும் வழியில் ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் ஸஹாபாக்களும் இரவின் கடைசிப் பகுதியில் களைத்து இறங்கினார்கள். ஸுப்ஹு தவறிவிடாமல் விழித்திருந்து எழுப்பும் பொறுப்பு ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களும் தம்மால் இயன்ற அளவு தொழுதுகொண்டு விழித்திருந்தார்கள். பிறகு கிழக்கு நோக்கி ஒட்டகத்தின் மீது சாய்ந்தார்கள்; கண் அயர்ந்துவிட்டது. வெயில் மேலே பட்ட பிறகே அனைவரும் எழுந்தார்கள். தங்களை ஆட்கொண்டதே என்னையும் ஆட்கொண்டது என்று பிலால் (ரலி) சொன்னபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. பிலாலுடைய ஈமானும் பிலாலுடைய வைராக்கியமும் உறக்கத்தை வெல்லவில்லை என்றால், நாசிக்கிலிருந்து வரும் நம் பையன் தேநீரையும் புகையிலையையும் கொண்டு அதை வென்றுவிடுவானா?

தொழுகையிலேயே தூக்கம் வந்தால், அது போகும்வரை படுத்துக்கொள்ளும்படி ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் ஏவப்பட்டிருக்கிறது. மன்னிப்புத் தேடுவதாக எண்ணிக்கொண்டு தன்னையே ஏசிவிடக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நாவு தவறும் என்பதற்காகவே தொழுகையை நிறுத்தச் சொன்ன மார்க்கம் நமது. சக்கரம் தவறும் இடத்தில் அது என்ன சொல்லும் என்பதற்குத் தனி ஹதீஸ் தேட வேண்டியதில்லை. கையின் கீழ் வேலை செய்பவர்களைச் சக்திக்கு மீறிய காரியத்தில் ஏவாதீர்கள், ஏவினால் நீங்களும் உதவுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. லாரித் தொழிலில் அந்த உதவி இரண்டாவது டிரைவர்; அல்லது இன்னும் ஒரு நாள்.

கூலியின் விஷயம் இதைவிடச் சிக்கலானது. இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். நம் கிதாபுகளில் கூலியாட்கள் இருவகை. தம் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைப்பவர் அஜீர் காஸ்; வேலையை முடித்துத் தருவதாக ஏற்பவர், தையற்காரரைப் போல, அஜீர் முஷ்தரக். முன்னவர் வரம்பு மீறாதவரை அவர் கையில் பொருள் கெட்டால் ஈடு கட்ட வேண்டியதில்லை. பின்னவர் ஈடு கட்ட வேண்டும் என்பது இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரின் கருத்து. நம் டிரைவர் இதில் யார்? எப்போது அழைத்தாலும் வர வேண்டும், வேறொருவர் லாரியைத் தொடக்கூடாது, இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓட்ட வேண்டும் என்பதில் அவர் அஜீர் காஸ். தார்ப்பாய் ஒழுகி மூட்டை நனைந்தால், லோடு தாமதமானால், வழியில் அபராதம் விழுந்தால் அவருடைய பேட்டாவில் பிடிக்கும்போது மட்டும் அவர் அஜீர் முஷ்தரக். இரண்டு வகையிலும் முதலாளிக்கு இலாபமான பாதியை மட்டும் எடுத்து ஒட்டிய ஒப்பந்தம் இது. கூலி இன்னதென்று முன்பே தெளிவாகாவிட்டால் இஜாரா ஒப்பந்தம் ஃபாஸிதாகிவிடும் என்று படித்திருக்கிறோம். பயணம் முடிந்து கழிவெல்லாம் போன பிறகே தன் கூலி என்னவென்று தெரியவரும் மனிதரைப் பற்றி என்ன சொல்வது? வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியை நிறைவாகக் கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பது புகாரியில் வருகிறது.

இத்தனையையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனோம். அவர் நம்மை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நாம் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஹஜ்ரத், நீங்க சொல்றது எல்லாம் ஹக்கு. ஆனா மூணு நாள் ஆகும்னு நான் சொன்னா, ரெண்டு நாள்ல வர்றேன்னு சொல்ற லாரிக்கு லோடு போயிடும். மாசம் பொறந்தா தவணை கட்டணும். டீசலும் டோலும் நான் சொல்ற விலையா? வெங்காயத்தை வாங்குற நீங்க ஒரு ரூபா கூடக் குடுப்பீங்களா?"

இதற்கு நம்மிடம் நல்ல பதில் இருக்கவில்லை. ஊரெல்லாம் செய்வதால் ஓர் உயிரின் ஹக்கு இலேசாகிவிடாது என்று சொன்னோம். அது சரியான பதில்தான். ஆனாலும் அவர் கேட்ட கடைசிக் கேள்வி நம்மோடு வீடுவரை வந்தது.

தவறுதலான கொலைக்குரிய தியத்தைக் கொன்றவர் தனியாகச் சுமப்பதில்லை. அவருடைய ஆகிலா, அதாவது அவரைச் சார்ந்த கூட்டத்தார், மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது ஷரீஅத். உமர் (ரலி) அவர்கள் ஒரே பதிவேட்டில் ஊதியம் பெறுவோரை ஒரே ஆகிலாவாக ஆக்கியதை ஹனஃபி இமாம்கள் ஆதாரமாகக் கொள்கிறார்கள். குற்றம் செய்யாதவர் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஹிதாயாவில் ஒரு விளக்கம் உண்டு. அவர்களுடைய பலத்தை நம்பித்தான் அவர் கவனக்குறைவாக இருந்தார். அவரைக் கண்காணிக்காமல் விட்டது அவர்களுடைய குறை. நெடுஞ்சாலையில் இரவு ஓடும் ஒரு லாரியின் ஆகிலா யார்? முதலாளி, புக்கிங் ஆபீஸ்காரர், விடியுமுன் சரக்குக் கேட்கும் மண்டிக்காரர், பெருநாளைக்கு முந்திய வாரம் துணி வரவில்லையே என்று போன் செய்யும் கடைக்காரர், மார்பிளுக்காக விரட்டிய நாம். இன்றைய சட்டத்தில் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. கண்காணிக்கும் வேலையை எந்த இன்ஷூரன்ஸும் செய்வதில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக அரசின் அறிக்கை கூறுகிறது. 2024 ஜனவரியில், விபத்து செய்து தப்பியோடினால் பத்தாண்டுவரை சிறை என்ற புதிய சட்டப்பிரிவை எதிர்த்து டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தியபோது, கொன்றுவிட்டு ஓட உரிமை கேட்கிறார்கள் என்று நம்மவர்களிலும் சிலர் ஏசினார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற அச்சம் வீண் அச்சமன்று. மோட்டார் வாகனச் சட்டமே அதை ஒரு காரணமாக ஏற்றிருக்கிறது. அவ்வாண்டு ஜூலை 1இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஓர் உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. நல்லதுதான். குளிர்ந்த கேபினில் தூக்கம் இன்னும் சீக்கிரம் வரும் என்று நம் டிரைவர் சிரித்தார்.

பயணத்தில் ஒட்டகத்துக்கு அதன் பங்கைக் கொடுக்கும்படியும், இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்கும்படியும் ஒரே ஹதீஸில் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த இரண்டும் ஏன் சேர்த்துச் சொல்லப்பட்டன என்பதை நாம் லாரிகளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம். உறக்கம் தாளாமல் நிறுத்த நினைப்பவருக்கு ஒதுங்க இடமில்லை. ஓரத்தில் நிறுத்தினால் டீசல் திருடன் வருகிறான். பின்விளக்கில்லாமல் நிற்கும் லாரி மீது பின்னால் வரும் கார் மோதுகிறது. நெடுஞ்சாலையோரத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றுக்குப் பெரிய மைதானம் உண்டு. இரவில் கேட்டைப் பூட்டிவிடுகிறோம். நம் பள்ளியின் கேட்டையும்தான். அதை இரவில் திறந்து வைக்கலாமா என்று நிர்வாகத்தில் கேட்டிருக்கிறோம். தரை அழுக்காகும் என்று ஒருவர் சொன்னார், முதவல்லி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்.

டிரைவர் நோன்பைத் தொடங்கிவிட்டார். வெளியூர் போய்ப் பயணச் சலுகையில் நோன்பை விட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். வெயிலில் நோன்போடு லாரி ஓட்டுவதையும் நாம் தடுத்தோம். ஆகவே இரண்டு மாதத்துக்கு நெடுந்தூர ஓட்டத்தை விட்டுவிட்டு உள்ளூர் மரக்கடையில் இரவுக் காவல் பார்க்கிறார். முன்பு கிடைத்ததில் பாதியும் வராது. அவர் வீட்டம்மா, இத்தனை வருடத்தில் தொடர்ந்து இருபது நாள் அவரை ஊரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று நம் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

முதலாளி ஒரு லாரிக்கு மட்டும் இரண்டாவது டிரைவர் போட்டிருக்கிறார். மற்ற இரண்டும் முன்போலவே ஓடுகின்றன. அந்த நாசிக் தடத்து லாரியை இப்போது இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் ஓட்டுகிறான். போன வாரம் ஜும்ஆவுக்கு வந்திருந்தான். குத்பாவின் பாதியில் தூணில் சாய்ந்து உறங்கிவிட்டான். பக்கத்திலிருந்தவர் தட்டி எழுப்பப் போனார். விட்டுவிடும்படி மிம்பரிலிருந்தே கையசைத்தோம்.