எரிபொருள் விலையும் சிக்கனத்தின் அறமும்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் எண்ணெய் விலை உயர்ந்தால் ஒரு குடும்பத்தின் செலவு இரண்டு வழியில் ஏறுகிறது. காருக்குப் போடும் பெட்ரோல் ஒன்று. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் மற்றொன்று. மெய்ன், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இயற்கை எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்கள் மிகுதி. அங்கே வீட்டின் நிலவறையில் பெரும்பாலும் 275 காலன் கொள்ளும் தொட்டி இருக்கும். விற்பனையாளரின் லாரி வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். அந்த எண்ணெயை எரித்து பாய்லர் வீட்டைச் சூடாக்கும். பேருந்து வசதி குறைந்த இதே ஊர்களில் வேலைக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் போகக் கார் வேண்டும்.

விலையேற்றத்தைச் சமாளிக்கும் நடைமுறை வழிகள் அங்கே பலருக்கும் தெரிந்தவை: தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைப்பது, ஜன்னல் இடுக்குகளை அடைப்பது, பல வேலைகளை ஒரே பயணத்தில் முடிப்பது, கோடையிலேயே விலை பேசி முன்பணம் கட்டுவது. இந்த வழிகளுக்கு அடியில் மூன்று அறக்கேள்விகள் இருக்கின்றன. தட்டுப்பாட்டுக் காலத்தில் விலையை உயர்த்துவது நியாயமா? குறைவாகப் பயன்படுத்துவது அறமா, வெறும் நிர்ப்பந்தமா? வாங்க முடியாதவருக்குச் சமூகம் செய்வது கொடையா, கடமையா? மண்ணெண்ணெயும் பெட்ரோலும் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தானியத்தையும் போர்வையையும் வைத்து மதங்களும் மெய்யியலும் இவற்றை ஆராய்ந்திருக்கின்றன.

நியாய விலை

13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் நியாய விலைக்கு ஒரு வரையறை தந்தார். பொருளைக் கைவிடுவதால் விற்பவருக்கு இழப்பு நேருமானால் அந்த இழப்பை விலையில் சேர்க்கலாம். வாங்குபவரின் அவசரத்துக்காக மட்டும் விலையைக் கூட்டக் கூடாது. அந்த அவசரம் விற்பவருக்குச் சொந்தமான சரக்கு அல்ல. அதே பகுதியில் அவர் இன்னொரு வழக்கையும் எடுத்துக்கொண்டார். தானியத் தட்டுப்பாடு உள்ள ஊருக்கு ஒரு வணிகர் தானியம் கொண்டுவருகிறார். பின்னால் இன்னும் பலர் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்பது நீதிக்கு மாறாகாது; சொல்லிவிட்டு விற்பது அதைவிட மேலான பண்பு என்பது அவர் முடிவு. ஊருக்கே பொதுவான தட்டுப்பாட்டால் ஏறும் விலையையும், தனி ஒருவரின் கையறுநிலையைப் பார்த்து ஏற்றும் விலையையும் அவர் வேறு வேறாகவே கண்டார்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்கா அறிஞர்கள், ஏமாற்றும் ஏகபோகமும் இல்லாத சந்தையில் மக்கள் பொதுவாக மதிக்கும் விலையே நியாய விலை என்றார்கள். ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1695இல் எழுதிய சிறு குறிப்பொன்றிலும் இதே நிலையை எடுத்தார். ஆனால் பட்டினி கிடக்கும் ஊரில் பிறகு பிழைக்க வழியில்லாதபடி மக்களைக் கறந்து, அதனால் ஒருவர் இறந்தால் அந்த வணிகர் கொலைக் குற்றவாளி என்றும் சேர்த்தார். யூத மரபில் தால்முட், உயிர்வாழத் தேவையான பொருள்களில் லாபத்தை ஆறில் ஒரு பங்குக்குள் நிறுத்துகிறது. விலை ஏறியபோது அதை நிர்ணயிக்கும்படி கேட்டவர்களுக்கு நபிகள் நாயகம் இணங்கவில்லை என்று ஹதீஸ் கூறுகிறது; அதே இஸ்லாமிய மரபு, விலை ஏறட்டும் என்று பதுக்குவதைப் பாவமாகக் கருதுகிறது.

இன்றைய மக்களின் உணர்வும் இந்தப் பழைய வரையறைக்கு அருகில்தான் நிற்கிறது. 1986இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில் கனடாவில் பலரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வாரியை, பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் காலை கடைக்காரர் 20 டாலராக்கினால் அது சரியா? 82 விழுக்காட்டினர் அநியாயம் என்றனர். பொருளியலாளர் பலர் இதை ஏற்பதில்லை. ஏறிய விலைதான் தேவை குறைந்தவரை விலகச் செய்கிறது, வெளியூர்ச் சரக்கை வரவழைக்கிறது என்பது அவர்கள் வாதம். விலையை ஏறவிடாமல் தடுத்தால் பங்கீட்டை வரிசை செய்யும். 1979 கோடையில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் கார் எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள்விட்டு நாள் பெட்ரோல் கொடுத்தார்கள். வரிசை பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கேட்கிறது. பணத்தைவிட நேரம் மனிதர்களுக்குச் சமமாகக் கிடைக்கிறது என்பது அதன் நியாயம். மணிக்கூலிக்காரர் நிற்கும் நேரம் அவருக்குக் கூலியிழப்பு என்பது அதன் குறை.

வீட்டு எண்ணெயில் இந்த விவாதம் ஓர் எல்லைக்கு மேல் நகர்வதில்லை. உள்ளூர் விற்பனையாளர் மொத்த விலையில் வாங்கிச் சிறு இடைவெளியில் விற்பவர். விலை உலகச் சந்தையில் அமைகிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது சுமார் 3 டாலராக இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 2008 ஜூலையில் அது 147 டாலரைத் தொட்டது. நேருக்கு நேர் நிற்கும் இருவருக்காக வகுத்த நியாய விலைக் கோட்பாட்டால் இங்கே குற்றவாளியைச் சுட்ட முடிவதில்லை. எனவே கேள்வி விற்பவரை விட்டு, பயன்படுத்துபவரிடமும் சமூகத்திடமும் போகிறது.

தானே ஏற்கும் குறை

பயன்படுத்துபவரிடம் அந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டவர் அதிபர் ஜிம்மி கார்ட்டர். பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். 1977 பிப்ரவரி 2ஆம் தேதி கம்பளி மேற்சட்டை அணிந்து தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டு வெப்பத்தைப் பகலில் 65, இரவில் 55 ஃபாரன்ஹீட்டில் வைக்கும்படி கேட்டுக்கொண்டார். செல்சியஸில் இது ஏறத்தாழ 18, 13 பாகை. அதே ஆண்டு ஏப்ரலில் எரிசக்திச் சிக்கனத்தைப் போருக்கு நிகரான அறமுயற்சி என்றார்; மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1910இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலிருந்து அவர் எடுத்த தொடர் அது. 1979 ஜூலை 15ஆம் தேதி உரையில் இன்னும் ஆழமாகப் போனார். ஒருவர் என்ன செய்கிறார் என்பதைவிட என்ன வைத்திருக்கிறார் என்பதே அவரை அடையாளப்படுத்துகிறது என்றும், பொருள்களைக் குவிப்பதால் வாழ்வின் வெறுமை நிரம்பாது என்றும் சொன்னார். எண்ணெய்ப் பற்றாக்குறையை அவர் ஆன்மிகக் குறையின் அறிகுறியாகக் கண்டார்.

இந்தச் சிந்தனைக்கு அமெரிக்காவிலேயே வேர் உண்டு. எளிமையை வழிபாட்டின் பகுதியாகக் கொண்டவர்கள் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர். 1920களில் இந்தியா வந்து காந்தியோடு பழகிய அமெரிக்கர் ரிச்சர்ட் கிரெக், தானே விரும்பி ஏற்கும் எளிமை பற்றி 1936இல் எழுதிய கட்டுரை குவேக்கர் வட்டத்திலேயே பரவியது. அதே காந்திய வட்டத்தில், தஞ்சாவூரில் பிறந்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஜே.சி. குமரப்பா, நிலக்கரி, பெட்ரோலியம் போன்று எடுக்க எடுக்கக் குறையும் வளங்களில் நிற்கும் பொருளாதாரத்தையும், மரம்போல் மீண்டும் வளரும் வளங்களில் நிற்கும் பொருளாதாரத்தையும் பிரித்துக் காட்டினார். முன்னது போட்டியையும் வன்முறையையும் வளர்க்கும் என்பது அவர் கருத்து. பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் ஆலோசகராக இருந்த ஈ.எஃப். ஷூமாக்கர் பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையில் குமரப்பாவை எடுத்தாண்டார். அக்கட்டுரை இடம்பெற்ற ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூல், எண்ணெய்த் தடை வந்த அதே 1973இல் வெளியானது. புதைபடிவ எரிபொருள் மூலதனம். அதை வருமானம்போல் செலவிடுவது பிழை என்று அந்நூல் வாதிட்டது.

இந்தச் சிந்தனையாளர் எல்லோருமே எளிமையை மனமுவந்து ஏற்பது என்றே பேசினார்கள். அரிஸ்டாட்டிலின் அறவியலிலும் தன்னடக்கம் என்பது தேர்ந்து செய்யும் செயல். வேறு வழியின்றிச் செய்தது அதில் சேராது. 68 பாகை ஃபாரன்ஹீட் வைக்க வசதியுள்ளவர் 62 பாகையில் கம்பளி போர்த்தி இருந்தால் அது சிக்கனம். தொட்டி வற்றியதால் 50 பாகையில் நடுங்கும் முதியவர் செய்வது சிக்கனமாகாது. உடல் தளர்ந்தவருக்கும் குழந்தைக்கும் அந்தக் குளிரே நோயைக் கொண்டுவரும். குறைக்க இடமுள்ளவருக்குச் சொல்லும் அறவுரையைக் குறைக்க இடமில்லாதவருக்கும் சொல்லும்போது வறுமைக்கு நற்பண்பின் பெயர் கிடைத்துவிடுகிறது. உதவ வேண்டியவரின் மனச்சான்றும் தூங்கிவிடுகிறது. கார்ட்டரின் உரைகளில் ஏழைகளுக்கான உதவியும் இடம்பெற்றது என்றாலும், மக்கள் மனத்தில் நின்றது மேற்சட்டைதான்.

தேவை எங்கே முடிகிறது

எபிரேய மறைநூலின் யாத்திராகமம் கடன் கொடுப்பவருக்கு ஒரு விதி வைக்கிறது. ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றால் சூரியன் மறையுமுன் திருப்பித் தர வேண்டும். இரவில் அவன் போர்த்துக்கொள்ள வேறு துணி இல்லை. அடகு பெறும் உரிமையை இந்த விதி மறுக்கவில்லை. இரவின் குளிர் வந்ததும் அந்த உரிமை விலகி நிற்க வேண்டும் என்கிறது. உடல் வெப்பத்துக்குத் தேவையானது பேரத்துக்கு அப்பாற்பட்டது என்ற கருத்து இதில் தெளிவாக இருக்கிறது.

இந்த எல்லை மீறப்படும்போது நேர்வதை 2003இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழொன்றில் வந்த ஆய்வு காட்டியது. கடுங்குளிர் மாதங்களில் ஏழைக் குடும்பங்களின் எரிபொருள் செலவு ஏறிய அளவுக்கு ஏறத்தாழச் சமமாக உணவுச் செலவு இறங்கியது. வசதியுள்ள குடும்பங்கள் அப்படி உணவைக் குறைக்கவில்லை.

காரின் பெட்ரோல் அவ்வளவு எளிதில் வகைப்படாது. ஆடம் ஸ்மித் 1776இல், உயிர் வாழ வேண்டியவை மட்டுமல்ல, இல்லாவிட்டால் அந்த நாட்டில் கண்ணியமாக வெளியே தலைகாட்ட முடியாதவையும் தேவைகளே என்றார். கூலித் தொழிலாளியின் லினன் சட்டை அவர் காட்டிய சான்று. வேலைக்கு 30 மைல் போக வேண்டிய ஊரில் கார் அத்தகைய தேவை. ஆனால் அந்தத் தேவையை இயற்கை உண்டாக்கவில்லை. நெடுஞ்சாலைகளும் புறநகர் விரிவும் பேருந்துக்குப் பணம் ஒதுக்காத முடிவுகளும் சேர்ந்தே அதை உண்டாக்கின. எனவே அதன் சுமையைத் தனிமனிதரின் தவறாக மட்டும் பார்ப்பது பொருந்தாது.

பருவநிலை மாற்றம் இதில் எதிர்த்திசைக் கடமையைச் சேர்க்கிறது. எரிபொருள் மலிவாக இருப்பது பின்வரும் தலைமுறைக்குத் தீங்கு. மெய்யியலாளர் ஹென்றி ஷூ 1993இல் உயிர்வாழ்வுக்கான கரியுமிழ்வையும் ஆடம்பரத்துக்கான கரியுமிழ்வையும் பிரித்து, முதலாவதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் முன் இரண்டாவதைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டார். ஒரே விகிதத்தில் ஏறும் விலைக்கு இந்தப் பிரிவினை தெரியாது. பிரான்ஸில் 2018 நவம்பரில் எரிபொருள் வரிக்கு எதிராக மஞ்சள் மேலங்கிக்காரர்கள் தெருவுக்கு வந்தபோது, காரை நம்பி வாழும் ஊர்ப்புறத்தவரும் நகரோரத்தவரும் எழுப்பிய குறையும் இதுவே. அரசு அந்த வரி உயர்வைக் கைவிட்டது.

கொடையும் உரிமையும்

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் கோணிக் கொடுப்பது கடைசிப் படி. பெறுபவரும் தருபவரும் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது. ஒருவர் மீண்டும் பிறர் கையை எதிர்பாராதபடி அவரை நிலைநிறுத்துவது முதற்படி.

அமெரிக்காவின் எரிபொருள் உதவிகளை இந்தப் படிகளில் வைத்துப் பார்க்கலாம். தேவாலயங்களும் ஊர் மன்றங்களும் நடத்தும் எண்ணெய் நிதிகள், வடகிழக்கு மாநிலங்களின் விறகு வங்கிகள் ஆகியவை அந்தக் குளிர்காலத்தைக் கடத்திவிடுகின்றன. விறகு வங்கியில் தன்னார்வலர்கள் மரத்தை வெட்டிப் பிளந்து அடுக்குகிறார்கள்; வேண்டியவர் வந்து ஏற்றிச் செல்கிறார். 1981இல் ஏற்பட்ட கூட்டாட்சி எரிசக்தி உதவித் திட்டம் குறைந்த வருமானக் குடும்பங்களின் எரிபொருள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தருகிறது. 1976இல் சட்டமான இன்னொரு திட்டம் வீட்டின் கூரையிலும் சுவரிலும் வெப்பத் தடுப்புப் பொருள் நிரப்பி, கசிவுகளை அடைத்துத் தருகிறது. மைமோனிடிஸின் முதற்படிக்கு மிக அருகில் வருவது இதுதான். ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்குத் தொட்டி மெதுவாகக் காலியாகும்.

கட்டண உதவியின் பெருங்குறை அதன் அளவைவிட அதன் தன்மையில் இருக்கிறது. ஆண்டுதோறும் நாடாளுமன்றம் ஒதுக்கும் தொகை தீர்ந்தால் உதவியும் நின்றுவிடும்; தகுதியுள்ள குடும்பங்களில் ஒரு பகுதிக்கே அது கிடைக்கிறது. வாங்குபவர் அதை உரிமையாகக் கேட்க முடியாது. மேலாடை விதியோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்: அங்கே சூரியன் மறைவது போதும், கடன் கொடுத்தவரின் இரக்கம் தேவையில்லை.

மூன்று கேள்விகளுக்கும் இந்த மரபுகளிலிருந்து கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பொதுத் தட்டுப்பாட்டால் ஏறும் விலை தன்னளவில் குற்றம் அல்ல. பதுக்கலும் தனிமனித அவலத்தைப் பிழிவதும் குற்றம். குறைவாக எரிப்பது, குறைக்க இடமுள்ளவரின் அறம். அதை அவர் தன்னிடம் கேட்கலாம், குளிரில் இருக்கும் அண்டைவீட்டாரிடம் கேட்க முடியாது. விலை அனைவருக்கும் ஏறும்போது, வெப்பத்துக்கும் உணவுக்கும் இடையில் தேர்வு செய்ய வேண்டியவரைக் காப்பது அந்த விலையைச் சகித்துக்கொள்ள முடிந்தவர்களின் கடமை. அந்தக் கடமையை நிதி தீரும்வரை என்று வரையறுக்கும் ஏற்பாடு அதை முழுதாக நிறைவேற்றுவதில்லை.